மெல்பர்னில் எல்லாரும் ‘மேட்’தான்

தம்பி, அம்மாப்பேட்டையிலிருந்து மெல்பர்ன் போய் இறங்கிய கையோடு கேட்டிருக்கிறீர்கள்: “கிடங்கில் என்னைவிடச் சின்னப் பையன்கூட என்னை ‘மேட்’ என்கிறான், இது மரியாதைக் குறைவா? அப்புறம் வரி எண், வங்கிக் கணக்கு, சிம் இதெல்லாம் எப்படி?” பின்னால் கேட்ட மூன்றும் அரை நாள் வேலை, இணையதளத்திலேயே இருக்கிறது, விடுங்கள். நான் லீவுக்கு சூரமங்கலம் வந்திருக்கிறேன், கரண்டும் போய்விட்டது, மேட் விஷயத்தைச் சாவகாசமாகச் சொல்கிறேன்.

மரியாதைக் குறைவெல்லாம் இல்லை, மேட் என்றால் தோழன், அவ்வளவுதான். பெயர் தெரியாத ஆள், டாக்சிக்காரர், முதலாளி எல்லாருக்கும் அதே சொல்தான். நாம் கண்டக்டரை ‘அண்ணா’ என்கிற மாதிரி, ஆனால் வயசுக் கணக்கு கிடையாது. 2005இல் கான்பரா நாடாளுமன்றத்தில் காவலர்கள் யாரையும் மேட் என்று கூப்பிடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கிளம்பிய கூச்சலில் ஒரே நாளில் வாபஸ்.

கவனிக்க வேண்டியது குரலைத்தான். “தேங்க்ஸ் மேட்” என்று இழுத்தால் சிநேகம். “லுக், மேட்” என்று அழுத்தி நிறுத்தினால் ஆள் கடுப்பில் இருக்கிறான், அதுவும் பப் வாசல் என்றால் பதில் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சலில் எழுத வேண்டாம். நம்மாட்கள் சிலர் வந்த வேகத்தில் நாக்கைச் சுழற்றி ‘மைட்’ என்பார்கள், கேட்கவே கூசும். நான் இத்தனை வருஷமாகச் சேலத்து நாக்கோடுதான் சொல்கிறேன், யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

‘மேட்ஸ் ரேட்ஸ்’ என்பார்கள், வேண்டியவனுக்குக் குறைத்துக் கொடுக்கும் விலை. வெள்ளைக்காரன் அதைச் சொன்னால் பெரும்பாலும் நிஜமாகவே குறைப்பான். “நம்ம ஊர்ப் பையன்” என்று ஆரம்பிக்கிற நம்மவரிடம்தான் உஷார். ஓர் அறையில் நாலு பேரைப் போட்டு, ரசீது இல்லாமல் பாண்டுப் பணம், அதாவது வாடகை அட்வான்ஸ், வாங்குவார். விக்டோரியாவில் அந்தப் பணத்தை 10 வேலை நாளுக்குள் அரசின் பாண்டு ஆணையத்தில் கட்டியாக வேண்டும், ஆணையத்திலிருந்து ரசீது வருகிறதா பாருங்கள். என் பணத்தை விழுங்கியவர் சேலம் ஜில்லாதான். இன்றும் பொங்கல் விழாவில் முன்வரிசையில் உட்காருகிறார்.

எனக்கு அந்தச் சொல் முதலில் சுருக்கென்று பட்டதற்குக் காரணம் வேறு. ரயில்வேயில் மேட் என்றால் தண்டவாளம் பராமரிக்கிற ஆட்களின் குழுவுக்கு, அதாவது கேங்குக்கு, தலைவர். எங்கள் அப்பா லோக்கூர், டேனிஷ்பேட்டைப் பக்கம் மேட். “மேட் வர்றாரு” என்றாலே பீடிகள் அணையும். அப்படிப்பட்ட பட்டத்தைப் பால் வாங்க வந்தவனுக்கெல்லாம் கொடுக்கிறார்களே என்றிருந்தது. பிறகுதான் படித்தேன், பழைய ஜெர்மானியப் பேச்சிலிருந்து வந்த சொல்லாம், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று அர்த்தம், ‘மீட்’டுக்கு உறவு. அந்தக் காலத்தில் மீட் என்றால் இறைச்சி மட்டுமல்ல, எல்லாச் சாப்பாடும்தான்.

அப்பாவின் கேங்கில் அது அப்படியே நடந்தது. மத்தியானம் கடப்பாரைகளைச் சரிவில் சாய்த்துவிட்டு, சிவப்புக் கொடியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, புளியமரத்தடியில் எல்லா டப்பாவையும் நடுவில் வைப்பார்கள். ராகிக் களியும் கீரையும்தான் அதிகம். எங்கள் வீட்டிலிருந்து மேட்டூர் மீன் குழம்பு போகிற நாளில் மட்டும், தண்டவாளத்தை நடந்தே சோதிக்கிற கீமேன் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார், அப்பாவுக்குத் துண்டு மிஞ்சாது. அம்மா கடைசிவரை அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் மறுவாரம் ரெண்டு துண்டு சேர்த்துத்தான் வைப்பார்.