பால், வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் வீட்டில் ஓட்ஸ் குக்கீஸ் செய்ய முடியுமா? வாயில் வைக்க முடியுமா?

செய்யலாம். தாராளமாக வாயிலும் வைக்கலாம். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போயிருப்பேன். வெண்ணெய் இல்லை என்றதுமே அது நோயாளிப் பண்டம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் மேல் எனக்குப் பல வருஷத்துக் கோபம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்கோ, அநேகமாக ஒரு குழந்தைக்கு, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எந்த விதத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை முதலில் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்பி, பேதியாவது ஒரு ரகம். பால் புரதமே ஒவ்வாமல் அலர்ஜி வருவது வேறு. முதல் ரகத்துக்காரர்களில் பலருக்கு நெய் ஒன்றும் செய்யாது. இரண்டாவது ரகத்துக்கு நெய்யில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளிப் புரதம்கூட ஆகாமல் போகலாம். என் பெண் இரண்டாவது ரகம். நான் டாக்டர் இல்லை, பாலுக்கு எதிரியும் இல்லை, தினமும் காலையில் டிகிரி காபி குடிக்கிற ஆள்தான். ஆகவே "மாட்டுப்பால் நம்ம பாரம்பரியம்" என்று கீழே யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஒரு தீபாவளிக்கு என் அக்கா மைசூர்பாகு கிளறிக்கொண்டு வந்தாள். பாப்பாவுக்கு வேண்டாம் என்று நான் வாசலிலேயே சொல்லியாயிற்று. "பால் ஒரு சொட்டு இல்லடா, நெய்தானே" என்று நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் ஒரு துண்டை ஊட்டிவிட்டாள். பாசம்தான், மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கீழுதடு ஒரு பக்கமாகத் தடித்தது, காதுக்குப் பின்னால் திட்டுத் திட்டாகச் சிவந்தது. தீபாவளி அன்று எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று பெரம்பூர் முழுக்க வண்டியில் சுற்றியது எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் கடையில் வாங்கலாம் என்று பார்த்தால் அது இன்னொரு கூத்து. எங்கள் பக்கத்து பேக்கரி ஒன்றில் "பால் இல்லாத பிஸ்கட் இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாமே எக்லெஸ்தான் சார், தைரியமா வாங்கிட்டுப் போங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். நான் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன? நம் ஊரில் சைவம் என்றால் முட்டை கூடாது, பால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அவ்வளவுதான் சொல்லும், பாலைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. பால் உட்பட மிருகங்களிடமிருந்து வரும் எதுவுமே சேராத வீகன் உணவுக்குத் தனி விதிமுறை 2022-ல்தான் வந்தது. பின்பக்கத்தைத் திருப்பி மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் என்று எதாவது இருக்கிறதா பாருங்கள், மூன்றும் பால்தான். வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் மார்ஜரின் சிலவற்றிலும் பால் பொருள் இருக்கும். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடுவார்கள், "ஓட்ஸ் பிஸ்கட்" என்று பெரிதாக எழுதிய பாக்கெட்டில் மைதா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்முறை. ரோல்டு ஓட்ஸ், அதாவது அவல் மாதிரித் தட்டையாக இருப்பது, இரண்டு கப். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கஞ்சியாகிவிடும், நொய் மாதிரி வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் வேகாமல் பல்லில் நறநறக்கும். இரண்டு கப்பில் அரை கப்பை மட்டும் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். நன்றாகக் கனிந்த கற்பூரவல்லி மூன்றை மசித்துச் சேருங்கள். பூவன் லேசாகப் புளிக்கும், மோரிஸ் என்றால் பெரிதாக ஒன்றரை போதும். தேங்காய் எண்ணெய் கால் கப், நாட்டுச் சர்க்கரை கால் கப், அரை ஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள். முந்திரி, பாதாம், வால்நட் எது இருக்கிறதோ அதை வெறும் வாணலியில் லேசாக வறுத்து நறுக்கி அரை கப். உலர் திராட்சை ஒரு கைப்பிடி. அத்தி இருந்தால் பொடியாக நறுக்கிப் போடுங்கள். டூட்டி ஃப்ரூட்டி மட்டும் வேண்டாம், பப்பாளிக்காயைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியதைப் பழம் என்று சொல்லி விற்கிறார்கள்.

எல்லாவற்றையும் கலந்ததும் அவசரப்பட்டுத் தட்டில் வைக்காதீர்கள். பலர் கோட்டைவிட்டுவிட்டு வெண்ணெய் மேல் பழி போடுவது இந்த இடத்தில்தான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். சென்னையில் மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் பாட்டிலில் கட்டியாகும், மற்ற நாளெல்லாம் தண்ணீராகத்தான் இருக்கும். அதே மாவை ஓவனில் வைத்தால் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் இறுகும், ஓட்ஸும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து ஊறினால் கொழகொழப்பு வரும், முட்டையும் வெண்ணெயும் இல்லாமல் மாவு பிடித்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே எடுக்கும்போது வடை தட்டும் பதத்தில் இருக்க வேண்டும்.

ஓடிஜி என்கிற சின்ன கரண்ட் ஓவனில் மேல் கம்பி கீழ் கம்பி இரண்டையும் போட்டு 170 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில் பதினைந்து நிமிடம். மேலே துருத்திக்கொண்டிருக்கும் திராட்சையை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் உப்பிக் கருகி அந்த ஒரு கசப்பு மொத்தத்தையும் கெடுத்துவிடும். ஓரம் பழுப்பானதும் எடுத்துவிட வேண்டும். நடுவில் தொட்டால் அமுங்கும், வேகவில்லை என்று தோன்றும், தோன்றட்டும், ஆறினால் இறுகிவிடும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல் சின்னத் தீயில் செய்யலாம், அடி சிவக்கும், மேலே வெளுப்பாகவே இருக்கும், ருசியில் குறை இல்லை. மொறுமொறுவென்று வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வாழைப்பழம் போட்டால் மெத்தென்றுதான் வரும்.

"ஓட்ஸ் வெள்ளைக்காரன் சாமான், கம்பு இல்லையா, ராகி இல்லையா" என்று ஒருவர் நிச்சயம் வருவார். இருக்கிறது ஐயா, ராகி பிஸ்கட்டும் செய்கிறோம், அது வேறு ருசி. பேரீச்சம்பழமும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதானே என்றால், ஆமாம், சர்க்கரைதான். சுகர் இருக்கிறவர்கள் இதை மருந்து என்று நினைத்து டப்பாவைக் காலி செய்ய வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. எங்கள் அபார்ட்மென்டில் ஒரு அம்மா ருசி பார்த்துவிட்டு, பேரன் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ வேண்டும் என்றார். வியாபாரம் செய்கிற ஆள் இல்லை நான், இருந்தாலும் சரி என்று பொருள் செலவை மட்டும் கணக்குப் போட்டுச் சொன்னேன். "வெண்ணெய்கூட இல்லையே தம்பி, அப்புறம் ஏன் இவ்ளோ?" என்கிறார். சௌகார்பேட்டையில் மொத்தக் கடையில் போய் வாங்கினாலும் முந்திரி, வால்நட் என்ன விலை விற்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அதே அம்மா லிஃப்ட் ரிப்பேருக்குப் பங்கு கேட்டபோது முதல் மாடிக்காரர்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று மூன்று மாதம் இழுத்தடித்தவர். அதை விடுங்கள்.

ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். நம் கடற்கரைக் காற்றில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் பிசுபிசுக்க ஆரம்பிக்கும், அப்போது 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் சரியாகிவிடும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராக இழுக்கும்.