மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல இருக்கு மாண்ட்கோமரி. அங்க 1955 டிசம்பர் 5ல இருந்து 381 நாள் கறுப்பின மக்கள், நிறம் பார்த்துப் பிரிச்சு உக்கார வச்ச சிட்டி பஸ்ல ஏறாம இருந்தாங்களே, அதைப் பத்தி என்ன வேணா கேளுங்க. ஒண்ணு மட்டும், இதை ஒருத்தர் ரெண்டு பேர் கதையா சுருக்கிடாதீங்க.

கயல்: அக்கா, ரோசா பார்க்ஸ் வேலை முடிஞ்ச அசதியில எந்திரிக்காம உக்காந்துட்டாங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே?

இல்லம்மா. அவங்க ஒரு கடையில தையல் வேலை பார்த்தவங்கதான், ஆனா கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபியோட ஊர்க்கிளைக்குப் பல வருஷம் செயலாளர், அந்த வருஷக் கோடையிலதான் டென்னசியில ஹைலேண்டர் பள்ளிக்கூடத்துல பயிற்சிக்குப் போயிட்டு வந்திருந்தாங்க. டிசம்பர் 1 அன்னைக்கு உக்காந்திருந்தது வெள்ளைக்காரங்களுக்கு ஒதுக்குன சீட்டு கூட இல்ல, அதுக்கு அடுத்த வரிசை. முன்னாடி நிறைஞ்சு ஒரு வெள்ளைக்காரர் நிக்கவும் அந்த வரிசையில இருந்த நாலு பேரையும் டிரைவர் எந்திரிக்கச் சொன்னார், மூணு பேர் எந்திரிச்சாங்க, இவங்க மாட்டேன்னுட்டாங்க, கைது பண்ணிட்டாங்க. விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துக் களைச்சதுதான், உடம்பு களைப்பு இல்லன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க.

நெல்லைப்பையன்: நாலு நாள்ல மொத்த ஊரையும் எப்படித் திரட்டுனாங்க?

நல்ல கேள்வி. திரட்டுனது பெண்கள். ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு காலேஜ் டீச்சர், பெண்கள் அரசியல் கவுன்சிலோட தலைவர். 1954 மே மாசமே மேயருக்கு லெட்டர் போட்டு, இப்படியே போனா பஸ்ஸைப் புறக்கணிப்போம்னு சொன்னவங்க. பார்க்ஸ் கைதான அன்னைக்கு ராத்திரியே காலேஜ் சைக்ளோஸ்டைல் மிஷின்ல ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்சு விடிஞ்சதும் ஊரெல்லாம் குடுத்தாச்சு. மார்ட்டின் லூதர் கிங் அப்போ 26 வயசு பாதிரியார், டிசம்பர் 5 திங்கக்கிழமை பஸ் எல்லாம் காலியா ஓடுன பிறகுதான் போராட்டத்துக்குத் தலைவர் ஆக்குனாங்க.

அப்புறம் 381 நாள் ஓட்டுனதுதான் பெரிய விஷயம். டாக்சிக்காரங்க பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏத்திக்கிட்டாங்க, குறைஞ்சது 45 சென்ட் வாங்கணும்னு நகரம் சட்டத்தைக் காட்டி மிரட்டுனதும் 300 கார் வரைக்கும் சேர்த்து சொந்த ஏற்பாடு. பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர்னு ஒரு சமையல்கார அம்மா, இன்னும் சில பெண்களைச் சேர்த்து சாப்பாடும் கேக்கும் வித்து வாரா வாரம் கூட்டத்துல பணம் குடுத்தாங்க, யார் குடுத்ததுன்னு பேர் வெளிய வராது, வந்தா வேலை போயிடும்.

சிவா: முதல்ல மறுத்தது ரோசா பார்க்ஸ்தானே?

இல்ல. அதே வருஷம் மார்ச்ல கிளாடெட் கொல்வின், வயசு 15. அக்டோபர்ல மேரி லூயிஸ் ஸ்மித்.

வக்கீல்தம்பி: அக்கா தப்பா நினைக்காதீங்க, ஜெயிச்சது கேஸ்தான். பஸ்ல பிரிச்சு உக்கார வைக்கிறது செல்லாதுன்னு 1956 நவம்பர் 13 உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரலேன்னா இன்னும் நடந்துட்டே இருந்திருப்பாங்க. அப்போ பஸ் ஏறாம கால்நடையா நடந்தது வீண்தானே?

கேஸ் முக்கியம், மறுக்கல. ஆனா அதுல வாதிகள் யாரு? கொல்வின், ஸ்மித், ஆரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், நாலு சாதாரணப் பெண்கள். அஞ்சாவதா ஒருத்தர் இருந்தாங்க, மிரட்டல் தாங்காம விலகிட்டாங்க. மத்தவங்க நின்னதுக்குக் காரணம் பின்னாடி ஊரே நின்னது. இன்னொண்ணு, ஆரம்பத்துல கேட்டது பிரிவினையையே ஒழிக்கணும்னு கூட இல்ல. மரியாதையா நடத்து, முன்ன வந்தவருக்கு முன்ன சீட்டு, எங்க ரூட்ல கறுப்பின டிரைவர், அவ்ளோதான். அதைக் கூட நகரம் குடுக்காம ஜனவரி 30 கிங் வீட்டுல குண்டு போட்ட பிறகுதான் பிப்ரவரி 1 வழக்கு போட்டாங்க.

வக்கீல்தம்பி: சரி, ஆனா சட்டம் மாறாம நடைமுறை மாறாது.

சட்டம் மாறியும் மாறாததைச் சொல்றேன் கேளுங்க. மாநிலம் விட்டு மாநிலம் போற பஸ்ல பிரிச்சு உக்கார வைக்கிறது செல்லாதுன்னு ஐரீன் மார்கன் வழக்குல உச்சநீதிமன்றம் 1946லயே சொல்லிடுச்சு. தெற்குல யாரும் மதிக்கல. 15 வருஷம் கழிச்சு 1961ல சுதந்திரப் பயணிகள்னு கறுப்பினத்தவரும் வெள்ளைக்காரங்களும் சேர்ந்த ஒரு குழு அதே உரிமைக்காக பஸ் ஏறி அடி வாங்குனாங்க, எதிர்ப்புக் கும்பல் ஒரு பஸ்ஸையே கொளுத்துச்சு. மாண்ட்கோமரி சிட்டி பஸ்ல தீர்ப்பு அப்படி வெறும் காகிதமா நிக்கல. ஏன்னா தீர்ப்பு கைக்கு வர்றதுக்குள்ள சர்ச்சுல நாற்காலியை பஸ் மாதிரி வரிசையா போட்டு, யாராச்சும் திட்டுனா தள்ளுனா எப்படி இருக்கணும்னு நடிச்சுப் பழகுனாங்க. தீர்ப்பை நிறைவேத்தினது அந்த மக்கள் தம்பி.

மீனா: காந்தியைப் பார்த்துதான் கிங் ஆரம்பிச்சாரா?

ஆரம்பம் சர்ச்சும் இயேசுவோட மலைப்பிரசங்கமும். காந்தி பேரைப் பேப்பர்ல முதல்ல இழுத்தது ஜூலியட் மார்கன்னு ஒரு வெள்ளைக்கார நூலகர், புறக்கணிப்பு ஆரம்பிச்சு ஒரே வாரத்துல லெட்டர் எழுதுனாங்க. அகிம்சைப் போராட்டத்துல அனுபவமுள்ள பேயார்ட் ரஸ்டின் பிப்ரவரியில வந்த பிறகு அந்தப் பாடம் ஆழமாச்சு.

ரவி: தென்னாப்பிரிக்கா சத்தியாகிரகம், வள்ளியம்மை பத்தி?

அது பெரிய கதை, வேற நாள் வச்சுக்கலாம்.

குமரன்: அந்தம்மா கால்வலியிலதானே உக்காந்தாங்க?

மேல கயலுக்குச் சொன்னதைப் படிங்க.

தேன்மொழி: டிசம்பர் 21 சேர்ந்து பஸ் ஏறுன பிறகு பிரச்சினை தீர்ந்துச்சா?

இல்ல. பஸ் மேல துப்பாக்கியால சுட்டாங்க, ஒரு கர்ப்பிணிக்குக் கால்ல குண்டு பட்டுச்சு. 1957 ஜனவரி 10 ராத்திரி நாலு சர்ச்சுலயும் ரெண்டு பாதிரியார் வீட்டுலயும் குண்டு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ராபர்ட் கிரேட்ஸ், வெள்ளைக்காரர், கறுப்பின மக்களோட சர்ச்சை நடத்துனவர், கார்ல ஆள் ஏத்திப் போனவர்.