சிங்கப்பூரில் விரல் போன மகனை அவசரமாக ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். போன மாதம் கம்பி வளைக்கும் மெஷினில் கை சிக்கி இரண்டு விரல் போய்விட்டது. "நீ கவனமாக இல்லாததால் வந்தது, பணம் கொஞ்சம் தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போ" என்கிறது கம்பெனி. ஏஜென்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய கடனே இன்னும் தீரவில்லைங்க. ஈரோட்டில் கேஸ் போட முடியுங்களா?
- காங்கேயம் வாசகர்

பதில்: ஐயா, இன்றைக்கே மகனுக்குப் போன் போடுங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம், விமானமும் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். இழப்பீடு வேண்டாமென்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது அங்குள்ள சட்டப்படி செல்லாது.

சிங்கப்பூர்க் கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால் வழக்குக்கான இடம் ஈரோடு அல்ல, சிங்கப்பூர்தான். அது உங்களுக்கு நல்லதும்கூட. அங்கே 2019-ஆம் ஆண்டின் வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் தப்பு யாருடையது என்ற கேள்வியே வராது. வேலையில் அடிபட்டது என்று தெரிந்தால் போதும். குடித்திருந்தாலோ சண்டையில் அடிபட்டாலோதான் சிக்கல். உடலுழைப்பு வேலை செய்கிற எல்லாருக்கும் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்.

வைத்தியச் செலவு ஓர் உச்சவரம்பு வரை கம்பெனியுடையது. எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ லீவு நாட்களுக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளியாக 14 நாள், ஆஸ்பத்திரி லீவில் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருஷம் ஆகும் வரை. அப்புறம்தான் பெரிய தொகை. காயம் ஆறியதும் டாக்டர் ஊனத்தைச் சதவீதமாக மதிப்பிடுவார். அதோடு வயதையும் சராசரி மாதச் சம்பளத்தையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்தச் சராசரியில் ஓடி (ஓவர்டைம்) பணமும் சேரும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால் தொகை பாதியாகக்கூடக் குறையும். அதனால் விபத்துக்கு முந்தைய 12 மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் கணக்கு, எம்சி, ஆஸ்பத்திரிக் காகிதம், மெஷினின் படம் எல்லாவற்றையும் உங்கள் வாட்ஸப்புக்கு இப்போதே அனுப்பச் சொல்லுங்கள்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனிதவள அமைச்சில், அதாவது எம்ஓஎம்மில், மகன் கோரிக்கை கொடுத்துவிட வேண்டும். கம்பெனி தெரிவித்துவிட்டதாகச் சொன்னால் நம்பி இருக்காமல் விசாரிக்கட்டும். வேலை பெர்மிட்டை ரத்து செய்தாலும் உரிமை போகாது. வழக்கு முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கேட்கலாம். அதில் பொதுவாக வேலை செய்ய முடியாது. கடன் நெருக்கும் குடும்பத்துக்கு அந்த மாதங்கள் கொடுமைதான், தெரியும். ஆனாலும் மதிப்பீட்டுக்கு முன் ஊர் திரும்பினால் இங்கிருந்தபடி நடத்துவது பெரும்பாடு. அங்கே டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு அடிபட்ட தொழிலாளர்களுக்குச் சாப்பாடும் வழக்குக்கு உதவியும் தருகிறது. தங்க வைக்கவோ சாப்பாடு போடவோ கம்பெனி மறுத்தால் அதையும் எம்ஓஎம்மில் சொல்லட்டும். அது முதலாளியின் கடமை.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது: சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும், சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் மனு அனுப்புங்கள். ஏஜென்ட் விஷயம் தனி. பதிவு பெற்றவராக இருந்தாலும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதற்கு மேல் கொடுத்ததற்கு ரசீதோ பேங்க் பதிவோ இருந்தால் எடுத்து வையுங்கள். மகனின் கோரிக்கை பதிவானதும் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.