விலைக்கு வாங்கிய பிராஜெக்ட், ஒரு வருட இடைவெளி: இன்டர்வியூவில் என்ன சொல்வது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அப்பா தக்காளி விவசாயி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் இ.சி.இ. டிப்ளமோ முடித்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதால் ஒரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டேன். இன்னும் பத்து நாளில் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்டர்வியூ. போன தடவை வேறொரு இடத்தில் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றதும், மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பாதியில் நின்றுபோய் அழுதுவிட்டேன். பிராஜெக்ட் பற்றிக் கேட்டால் இன்னும் பயம். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாக மோட்டார் போடும் பிராஜெக்ட் அது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கடையில் காசு கொடுத்து வாங்கினோம். எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பிராஜெக்ட் விஷயத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கே முதலில் ஒரு சபாஷ். ஓசூரில் டிப்ளமோ பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். கடையில் வாங்கிய பிராஜெக்ட்டோடு வருகிறவர்கள் நிறையப் பேர். கேட்கிறவருக்கும் அது தெரியும். அது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா, அதைத்தான் அவர் தோண்டுவார். அதனால் பயோடேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அடுத்தடுத்து மூன்று முறை ‘ஏன்’ கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். வரி குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. பதில் இல்லாத வரிதான் ஆளைக் கவிழ்க்கும்.

அந்த பிராஜெக்ட் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள். எல்லா ஒயரையும் கழற்றி, நீங்களே மறுபடி மாட்டுங்கள். இரண்டு டம்ளரில் உங்கள் வயல் மண்ணைப் போட்டு, ஒன்றைக் காய்ந்தபடி விட்டு, இன்னொன்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, சென்சார் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். உள்ளே இருப்பது ஆர்டுயினோ யூனோ போர்டு என்றால் அந்த எண் 0 முதல் 1023 வரை வரும். ஏன் 1023? அது 10 பிட் கணக்கு, 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 1024 படிகளாகப் பிரிக்கிறது. சரி, நடுவில் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) எதற்கு? போர்டின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் கரண்ட் எடுக்கலாம். மோட்டாருக்கு அது எந்த மூலைக்கு? அதனால் பின் ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கிறது, டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கிறது, ரிலே மோட்டாருக்கு வழிவிடுகிறது. ரிலே காயிலின் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) குறுக்கே ஒரு டயோடு இருக்கும். காயிலில் கரண்ட் நின்றதும் எதிர்ப்பக்கமாக எழும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரை அடித்துவிடாமல் காப்பது அதுதான். நான் இருந்த மேசையில் இந்த டயோடைப் பற்றிக் கேட்காமல் விட்டதே இல்லை.

அடுத்து ஒரு கேள்வி வரலாம்: “இதை உங்கள் அப்பா வயலில் வைத்தால் ஓடுமா?” இதற்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்ல யாரால் முடியும்? வயலில் இருப்பது த்ரீ பேஸ் மோட்டார் என்றால் இந்தச் சின்ன ரிலே நேரடியாகத் தாங்காது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) இழுக்க மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். அப்புறம், இரண்டு கம்பிக் கால் உள்ள சென்சாரை மண்ணில் குத்தி எந்நேரமும் கரண்ட் கொடுத்தால் கால் அரித்துப்போகும். அளக்கும் நொடியில் மட்டும் கொடுத்தால் நாள்பட உழைக்கும். கரண்ட் எத்தனை மணிக்கு வருகிறது, சொட்டுநீர்க் குழாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை அடைக்கிறது என்று உங்கள் வீட்டில் தினமும் பேசுவதையெல்லாம் தைரியமாகச் சொல்லுங்கள்.

“நீங்களே செய்ததா?” என்று நேராகக் கேட்டால் நேராகவே சொல்லலாம்: “கடையில் வாங்கினோம் சார். போன வாரம் முழுசாகப் பிரித்து நானே மறுபடி மாட்டினேன்.” பொய் சொல்லி அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி உண்மையைச் சொன்னவரை அதற்காகவே வேண்டாம் என்று நான் எழுதியதில்லை.

பிராஜெக்ட் தவிர அடிப்படையும் வேண்டும். ரெசிஸ்டர் கலர் கோடு (பிரவுன், பிளாக், ரெட் என்றால் 1 கிலோ ஓம்), மல்டிமீட்டரில் கன்டின்யுட்டி (ஒயர் நடுவில் அறுந்திருக்கிறதா என்று) பார்ப்பது, சால்டர் சரியாகப் பிடிக்காத ‘டிரை ஜாயின்ட்’ எப்படி இருக்கும், போர்டைத் தொடும்போது மணிக்கட்டில் ஏன் பட்டை கட்டுகிறார்கள், இவ்வளவும் எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியில் நிச்சயம் உதவும். கடைசிக் கேள்விக்குப் பதில், உடம்பில் சேரும் ஸ்டேடிக் சார்ஜ் ஐ.சி.யைக் கெடுத்துவிடும் என்பது. ஃபைவ் எஸ் (வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக, சுத்தமாக வைக்கும் முறை) பற்றியும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ‘உன்னைப் பற்றிச் சொல்’. நெட்டில் கிடைக்கும் பத்தியை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை நழுவினால் மொத்தமும் போய்விடும், உங்களுக்கு நடந்தது அதுதான். ஊர், படிப்பு, உங்களுக்குப் பிடித்த லேப் வேலை, இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று நான்கே நான்கு சின்ன வாக்கியம் போதும். தினமும் வேறு வேறு வார்த்தையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தம்பியோ தங்கையோ எதிரே உட்கார்ந்து குறுக்கே கேள்வி கேட்கட்டும். இங்கிலீஷில் ஆரம்பித்துத் தடுமாறினால், “சார், கேன் ஐ எக்ஸ்ப்ளெயின் திஸ் இன் டமில்?” என்று கேளுங்கள். ஓசூர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர். ஷாப் ஃப்ளோரில் இது யாருக்கும் அதிசயம் இல்லை. எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால்? அப்போதும் ரிலே, சென்சார், வோல்டேஜ் எல்லாம் அதே வார்த்தைதான். நடுவில் சின்னச் சின்ன வாக்கியம் போட்டு ஓட்டிவிடலாம், இலக்கணத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

ஒரு வருட இடைவெளிக்கு ஒரே வரி: அம்மாவுக்கு ஆபரேஷன், பார்த்துக்கொள்ள நான் இருந்தேன், இப்போது நன்றாக இருக்கிறார்கள். இதில் கூனிக்குறுக எதுவும் இல்லை. அந்த வருடத்தில் மண்டிக்குப் போகும் தக்காளிக் கூடைக் கணக்கு, கமிஷன், வண்டி வாடகை எழுதியது நீங்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிக்காத கோர்ஸைப் படித்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நைட் ஷிஃப்ட் வருவாயா, ஹாஸ்டலில் தங்குவாயா, கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாயா என்றும் கேட்பார்கள். பெண் பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கல்யாணக் கேள்வியைக் கேட்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ஆனாலும் பதில் தயாராக இருக்கட்டும்: “வேலையில் நிலைக்கத்தான் வந்திருக்கிறேன் சார்.” ஷிஃப்ட், ஹாஸ்டல் இரண்டையும் அப்பா அம்மாவோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போய் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றால் அது இல்லை என்பதாகவே எழுதப்படும்.

நீங்களும் கேட்க வேண்டியது உண்டு. கம்பெனி நேரடியாக எடுக்கும் வேலையா (கம்பெனி ரோல்), கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா? 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பது பொதுவாகக் கிடையாது. கற்றுக்கொள்ள நல்ல வழிதான், தெரிந்து சேருங்கள். சம்பளம் என்று ஒரு தொகை சொன்னால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., பஸ், கேன்டீன் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஓசூரில் சிப்காட் ஒன்று, இரண்டு என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அழைப்பில் எது போட்டிருக்கிறது என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ராயக்கோட்டை வழி பஸ்ஸில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். துணிமணிக்குக் கடன் வேண்டாம், இருக்கிற பருத்திச் சுடிதாரை இஸ்திரி போட்டால் போதும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்று கேட்டில் யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.