மறு: நண்பர் பெயரில் இருக்கும் மிலான் டெர்பி டிக்கெட்

வணக்கம். நண்பர் வர முடியாததால் அவர் பெயரில் உள்ள டிக்கெட்டோடு மிலான் நகரின் இரண்டு கால்பந்து அணிகளான இன்டரும் மிலானும் மோதும் டெர்பி ஆட்டத்துக்குப் போகலாமா, மிலான் சட்டை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படியே போகாதீர்கள். இத்தாலியில் டிக்கெட் ஆள் பெயருக்குத்தான்; சான் சிரோ மைதான வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் மாற்ற வழி உண்டு. ஆனால் டெர்பி மாதிரி ஆட்டங்களுக்கு அதில் கட்டுப்பாடு வைப்பதும் உண்டு. அதனால் நண்பரையே, வாங்கிய கணக்கில் நுழைந்து இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று கெஞ்சிப் பலனில்லை.

சரி, சட்டை. இரண்டு அணிக்கும் ஒரே மைதானம்தான் என்றாலும், நீங்கள் போவது இன்டர் நடத்தும் ஆட்டம். பெரும்பாலான இருக்கைகள் அவர்கள் ஆட்களுக்கே. வடக்கு கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் ‘வடக்கு வளைவு’ இன்டரின் தீவிர ரசிகர்களுடைய கோட்டை. டிக்கெட் அந்தப் பக்கம் என்றால் மிலானின் சிவப்பு-கறுப்புச் சட்டை வேண்டவே வேண்டாம், மிலான் கோல் போட்டாலும் வாயைத் திறக்காதீர்கள். பக்கவாட்டு இருக்கைகளில் இரு தரப்பும் கலந்து உட்காருவது சகஜம். ஆனாலும் மேலே ஒரு ஜாக்கெட் இருக்கட்டும். 2005 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், இதே மைதானத்தில், இதே இரண்டு அணிகள் ஆடும்போது மிலான் கோல்கீப்பர் டிடா மேல் ரசிகர்கள் வீசிய எரியும் தீப்பந்தம் (ஃப்ளேர்) வந்து விழுந்து ஆட்டமே பாதியில் நின்றது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அங்கே சூடு அப்படி.

போவதற்கு எம்5 மெட்ரோ, சான் சிரோ ஸ்டேடியோ நிலையம். ஆட்டம் முடிந்ததும் அங்கே நெரிசல் தாங்காது. லோட்டோ நிலையம் வரை நடந்துவிடுங்கள், எம்1 மெட்ரோ கிடைக்கும்.