அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கியை என்ன செய்வது?

"அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய வேட்டை ரைபிள் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வைத்துக்கொள்வதா, விற்பதா, அரசிடம் கொடுத்துவிடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அது பீரோவில் இருக்கக் கூடாது. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது, அவரோடு அதுவும் முடிந்துவிட்டது. இன்றைய தேதியில் உங்கள் வீட்டில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒப்படைத்தால் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். யாருக்கு என்று முடிவு செய்ய அவகாசம் உண்டு, அதுவரை அங்கே இருக்கும். எவ்வளவு நாள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கெடு தாண்டினால் அரசு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் துணியில் சுற்றி நீங்களாகவே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்டேஷனுக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். நாங்கள் சொன்னதும் ஒரு ஏட்டையா வீட்டுக்கே வந்து ஆட்டோவில் கூட வந்தார்.

நான் வக்கீல் இல்லை, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. என் அப்பாவின் துப்பாக்கி விஷயத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்தவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன். வேட்டைக்காரர் மகள் என்று சிலர் கோபப்படலாம். அப்பா சுட்ட காலத்தில் அதற்கு அனுமதி இருந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர் மலை ஏறவே இல்லை. ஊரில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகும் இருட்டில் போய் வந்தார்கள். அப்பா போகவில்லை. இதை அடித்துச் சொல்வேன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம், சிறுமலை அடிவாரம். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல், மேட்டில் கடலை. பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கடலைக் காட்டை உழுது போட்டுவிடும். அதற்காகத்தான் 1964-ல் அப்பா லைசென்ஸ் எடுத்தார். வாங்கியது .315 ரைபிள் (அது குழலின் உள்ளளவு, அங்குலத்தில்), வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. பட்டாளத்துத் துப்பாக்கி .303 என்பதால் அந்த அளவு பொதுமக்களுக்குக் கிடையாது, அதனால் நமக்கு இது என்று அப்பா விளக்குவார். ரவை சிதறுகிற இரட்டைக்குழல் துப்பாக்கி வேறு, உள்ளே புரி வெட்டி ஒற்றைக் குண்டு போகிற ரைபிள் வேறு. யாராவது மாற்றிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, என் பள்ளிக்கூடப் பேனாவோடு அதையும் வைத்துச் சந்தனம் பூசுவார். மரக்கட்டையில் கை பிடிக்கிற இடத்தில் கீறல் கீறலாக வெட்டியிருக்கும். அந்தக் கீறலுக்குள் வருஷா வருஷம் பூசிய சந்தனம் இறுகி வெள்ளையாக நிற்கும். தேங்காய் எண்ணெய் தொடக் கூடாது, பிசுக்குப் பிடித்துவிடும், தையல் மெஷின் எண்ணெய்தான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியில் வைத்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். அப்போது நாங்கள் பேசக் கூடாது.

தேர்தல் அறிவித்தால் போதும், அதை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவார். எழுபத்தெட்டு வயதிலும் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போனார். "எதுக்குப்பா இன்னும்?" என்று கேட்டால், "வச்சிருக்கிறவன் ஒழுங்கா வச்சிருக்கணும்" என்பார்.

2018 நவம்பரில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி எடுக்கும்போதே சித்தப்பா ஆரம்பித்தார். "துப்பாக்கி தம்பிக்குத்தான். பொட்டப்பிள்ளைக்கு எதுக்குத்தா அது?" நான் கேட்கவே இல்லை. கடைசி மூன்று வருடம் அப்பா என் வீட்டில், என் கட்டிலில் படுத்திருந்தார். மூத்திரப் பை மாற்றியது நான். அப்போதெல்லாம் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை கணக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் கேட்கலாம். மனைவி, மகன், மகள் மட்டுமில்லை, மருமகள், மருமகன்கூடக் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி. கிராமம் என்றால் கலெக்டர், மதுரை மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். விற்பதானால் லைசென்ஸ் உள்ள கடைக்கோ லைசென்ஸ் உள்ள ஆளுக்கோதான் விற்க முடியும். யாருக்கும் வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து அரசிடமே விட்டுவிடலாம். அப்பா உயிரோடு இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கவனியுங்கள். அவருக்கு எழுபது வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி அவரிடம் இருபத்தைந்து வருடம் இருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அப்பாவையே முடிவு சொல்ல வைத்திருப்பேன்.

எனக்கும் தம்பிக்கும் நடந்தது வேறு. அவன் சென்னையில் ஃபிளாட்டில் இருக்கிறான், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அங்கே எதற்கு என்றேன். அவனுக்குப் பெரிய ஆசை இல்லை, சித்தப்பா ஏற்றிவிட்டதுதான். "அக்கா, நீ நிலத்துக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, நான் துப்பாக்கிக்குப் போடுகிறேன்" என்றான்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எனக்குக் கல்யாணம் ஆனது 1987-ல். "1989 சட்டத்துக்கு முன்னாடி கட்டிக் கொடுத்தவளுக்குப் பங்கு இல்லை" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். அது பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்த தமிழ்நாட்டுச் சட்டம். அதையும் 2005 மத்தியச் சட்டம் மாற்றிவிட்டது. எங்கள் இரண்டு ஏக்கரோ அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது, உயில் எழுதவில்லை. அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956-லிருந்தே இருக்கிறது. சீர் செய்தாயிற்றே, நகை போட்டாயிற்றே என்று சொல்லி எத்தனை அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் நம் ஊர்களில்! சொத்தாசை பிடித்தவள் என்று எழுதுகிறவர்கள் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அவனும் போடவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனிலேயே கிடந்தது.

அதை ஒப்படைத்த நாளைச் சொல்ல விட்டுவிட்டேன். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பென்சிலால் கணக்கு எழுதியிருந்தார். தேதி, இடம், என்ன சுட்டார் என்று. "பன்றி", "மிளா", "பன்றி", சில வரிகளில் வெறுமனே "வீண்". கடைசி வரி 1981, "நாய், வெறி". எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளைக் கடித்த நாய் அது. ஊரே வந்து கேட்டதால் எடுத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுட்ட காலித் தோட்டாக்களையும் எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார்.

ஸ்டேஷன் ரைட்டர் நோட்டை வைத்துக்கொண்டு மேஜையில் வரிசையாக அடுக்கினார். சுடாத தோட்டா பதினொன்று, சரியாக இருந்தது. காலியில் ஒன்று குறைந்தது. "டீச்சர், வீட்டில் நல்லா பாருங்க, கணக்கில் இருக்கிறதெல்லாம் வரட்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அது எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவின் தையல் டப்பாவில் பித்தளைக் குப்பி ஒன்று உண்டு. விரல் நீளம், வாயில் பஞ்சு அடைத்திருக்கும், உள்ளே ஊசிகள். அப்பா முதல் முதலாகச் சுட்ட தோட்டா அது, அம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதாம். சின்ன வயதில் அதன் வாயில் ஊதி விசில் அடிப்பேன். என் பாவாடைக்கு ஓரம் அடித்ததும், என் மகளுக்குத் தொட்டில் துணி தைத்ததும் அந்த ஊசிகளால்தான். அம்மா 2009-ல் போன பிறகு டப்பா என்னிடம் வந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைட்டர் பஞ்சை எடுத்து, ஊசிகளை ஒரு தாளில் கொட்டி, மடித்து என் கையில் தந்தார். ரைபிளைக் கொடுத்தபோது வராத அழுகை அங்கே வந்துவிட்டது. ஒரு காலித் தோட்டாவுக்குப் போய் இவ்வளவா என்று தோன்றலாம். அம்மாவின் கை பட்டுப் பட்டு அது மட்டும் தங்கம் மாதிரி இருந்தது, பாட்டிலில் இருந்த மற்றதெல்லாம் கறுத்திருந்தது.

2021 தொடக்கத்தில் தம்பியே வந்தான். சண்டை போட்டு இருவருக்கும் அலுத்துவிட்டது. நிலத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். துப்பாக்கி உனக்கா எனக்கா என்று உட்கார்ந்து பேசினோம். நான் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் கேட்டிருக்கலாம். ஆனால் எதைச் சுடுவது? வேட்டை 1991 திருத்தத்தோடு முழுவதுமாக நின்றுபோனது. பன்றியைக்கூட நாம் தொட முடியாது. 2025-ல் அரசு போட்ட ஆணையும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் வேலையை வனத்துறைக்குத்தான் கொடுத்திருக்கிறது. சுடவும் முடியாது, தேர்தலுக்குத் தேர்தல் தூக்கிக்கொண்டு போக என்னாலும் ஆகாது, தம்பி ஃபிளாட்டில் வைக்கவும் இடமில்லை. கடையில் விலை கேட்டோம். அவர்கள் சொன்ன தொகைக்கு அப்பாவின் துப்பாக்கியை இருவருக்குமே விற்க மனமில்லை. அரசிடமே விட்டுவிடுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். உங்கள் வீட்டில் யாராவது நிஜமாகவே பராமரிப்பார் என்றால் அவர் பெயருக்கு லைசென்ஸ் கேளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் "குடும்ப கௌரவம்" என்று வெளியே இருந்து சொல்கிறவர் யாராக இருந்தாலும், மாதம் ஒருமுறை எண்ணெய் போட வருவாரா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டோம். ஏட்டையா எடுத்து வந்து மேஜையில் வைத்தார். கழுத்தில் அட்டை கட்டியிருந்தது, அப்பா பெயர் தப்பாக எழுதியிருந்தது. போல்ட் முழுக்கச் செந்துரு, கட்டையில் தூசி. சந்தனம் மட்டும் கீறலில் அப்படியே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பையில் மெஷின் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன். துடைத்துக்கொள்ளட்டுமா என்றேன். அவர் தலையாட்டினார். தம்பி போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தான், நான் துடைத்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பேரும் பேசவில்லை.

ஆகவே நீங்கள் ஒப்படைக்கும்போது ஏட்டையாவிடம் கேட்டு நன்றாக எண்ணெய் போட்டுக் கொடுங்கள், அங்கே யாரும் துடைக்க மாட்டார்கள். ரசீதில் துப்பாக்கியின் நம்பரையும் அப்பா பெயரையும் எழுத்துக் கூட்டிச் சரிபாருங்கள்.