வரைகிற வாத்தியார்

(ஓவியரும் ஓவியக் கல்லூரி ஆசிரியருமான ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். சேர்ந்ததிலிருந்து எனக்கென்று ஒரு படம்கூட வரையவில்லை. வேலையை விட்டால்தான் ஓவியராக முடியுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

வேலையை விட வேண்டாம் அம்மா. பாடம் நடத்துவது ஓவியரைக் கொன்றுவிடும் என்று நம் துறையில் அடிக்கடி சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். படிக்க முடியாத மலையாள எழுத்து போன்ற கிறுக்கல், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் என்று கித்தான் முழுக்க நிரம்பி வழியும் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் தொடங்கியது 1963-இல், அந்த முதல்வர் நாற்காலியில் இருந்தபோதே. எஸ். தனபால் ஓவியராகப் பயின்றவர். அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே சிற்பத்தின் பக்கம் போனார்; பிற்பாடு முதல்வரும் ஆனார்.

சரி, உங்களுக்கு மட்டும் ஏன் கை ஓடவில்லை? பள்ளியில் உங்களுக்குக் கொடுக்கும் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மோகோல் வெட்டுவது, விருந்தினர் வந்தால் வரவேற்புப் பலகை எழுதுவது, மற்ற ஆசிரியர்களுக்குச் சார்ட் போட்டுக் கொடுப்பது. எல்லாம் கையால் செய்கிற வேலைதான், ஆனால் எதிலும் நீங்கள் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. மிச்சமிருக்கும் வகுப்பிலோ கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள், நீங்கள் மதிப்பெண் போடுவீர்கள்.

அதை இந்த வாரமே நிறுத்துங்கள். ஒரு பிள்ளையின் புத்தகப் பையை மேசைமேல் வைத்து, பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து வரையுங்கள். தோளில் உரசி உரசித் தேய்ந்த வார், பாதியில் நிற்கும் ஜிப், அடியில் தண்ணீர் பாட்டில் கசிந்த கறை. நாற்பது நிமிடம் போவதே தெரியாது. அந்தத் தாள் உங்களுடைய படம். தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

கல்லூரியில் மாடல் ஸ்டடி வகுப்பில், அதாவது ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து வரையும் வகுப்பில், நானும் மாணவர்கள் நடுவில் ஓர் ஓவியத் தாங்கியை (ஈசல்) போட்டுக்கொண்டு வரைவேன். வயதானவர் மாடலாக உட்காரும்போது கழுத்தெலும்புக்கும் தோளுக்கும் நடுவே விழும் குழி சுலபத்தில் பிடிபடாது. சார்கோல் கரித்துண்டால் ஒரு கோடு போடுவேன், துணியால் தட்டி அழிப்பேன், சற்றுத் தள்ளி இன்னொன்று. அழித்த கோடு முழுசாகப் போகாது. சாம்பலாக அடியில் நிற்கும், அதை வைத்துத்தான் அடுத்ததன் இடம் தெரியும். முதலாண்டுப் பெண் ஒருத்தி, “சார், நீங்களும் அழிப்பீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்கு அந்த வகுப்பில் எல்லோர் கையும் இளகியது. வரைகிற வாத்தியாரைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வரையக் கற்கிறார்கள் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். நீங்கள் வரைவதை நிறுத்தினால் நஷ்டம் உங்களோடு முடியாது.

கேள்வி: பிளஸ் டூ முடிக்கும் மகன் ஓவியக் கல்லூரிதான் என்று பிடிவாதமாக இருக்கிறான். வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மரபுச் சிற்பத்தில் நாட்டமென்றால் மாமல்லபுரத்தில் உள்ள கல்லூரி. சென்னையில் வண்ணக்கலை மட்டுமில்லை. சிற்பம், பதிப்போவியம், சுடுமண், துணி வடிவமைப்பு, விஷுவல் கம்யூனிகேஷன் எல்லாம் உண்டு. கடைசி இரண்டும் படித்தவர்களுக்கு வேலை சீக்கிரம் அமைகிறது.

ஆசிரியர் வேலையை நம்பிச் சேர்ப்பதானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதத் தொகுப்பூதியம் ரூ.5,000. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஓவியம் ஒரு பாடமென்றால் அதை நடத்துகிறவருக்கும் முழு வேலை, முழுச் சம்பளம் வேண்டும். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

படம் விற்று மட்டுமே குடும்பம் நடத்தியவர்கள் குறைவு. கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கோட்டோவியங்களைச் சிற்றிதழ்களில் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில்தான் 1966-இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். காலையில் கைவினை, மிச்ச நேரத்தில் சொந்த ஓவியம் என்று வாழ முடியும் என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள். உங்கள் மகனுக்கும் ஒரு கைத்தொழில் கூடவே இருக்கட்டும். அந்த ஏற்பாட்டோடு தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகள் கோட்டுக்கு வெளியே வண்ணம் போகவிடுகிறாள் என்று பள்ளியில் மதிப்பெண் குறைக்கிறார்கள். எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, ஈரோடு

அவளைத் திருத்த ஒன்றுமில்லை. அச்சடித்த கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது கைக்கு ஒரு பயிற்சி, அவ்வளவுதான். கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் சாந்திநிகேதன் போய் ஓவியரானவர். பரோடாவில் பேராசிரியராக இருந்தபோது கலைச் சந்தைக்காக மாணவர்களோடு உட்கார்ந்து மரத்திலும் தோலிலும் மணிகளிலும் பொம்மை செய்தார். குழந்தைகளுக்குப் படக்கதைகளும் போட்டார். அந்தப் பொம்மைகளின் படம் கிடைத்தால் மகளுக்குக் காட்டுங்கள்; கோட்டுக்குள் அடங்குவது மட்டும் கலையில்லை என்று அவளுக்குப் புரியும்.

வண்ணம் தீட்டும் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, பின்பக்கம் காலியாக இருக்கும் பழைய காலண்டர் தாள்களைக் கொடுங்கள். பெரிய தாளாக இருக்கட்டும், தரையில் விரித்து வரையட்டும். பள்ளி ஆசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மகள் வீட்டில் வரைந்ததில் நாலைந்தை எடுத்துப்போய்க் காட்டுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் படத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.